முதுநிலை நுண்கலை: சென்னையா, பரோடாவா, சாந்திநிகேதனா, பிரான்சா?

அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்திலோ, கும்பகோணத்திலோ, சென்னையிலோ இளநிலை நுண்கலை முடித்துவிட்டுப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் திரும்பும் பிள்ளைகளின் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகிறது: அடுத்து எம்.எஃப்.ஏ. என்ற முதுநிலை நுண்கலைப் பட்டம் படிப்பதா, படிப்பதென்றால் எங்கே? பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் தெருவுக்குத் தெரு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள், இதற்கு இல்லை. உறவில் யாருக்கும் இந்தத் துறையில் பழக்கம் இராது. ஆசிரியர்கள் தாங்கள் படித்த இடத்தையே சொல்வார்கள். சீனியர்கள் தாங்கள் போக நினைத்துப் போகாமல் விட்ட இடத்தைச் சொல்வார்கள். இரண்டையும் கேட்டுக்கொள்ளலாம், முடிவுக்கு அவை போதாது. நிறுவனத்தின் புகழைத் தள்ளி வைத்துவிட்டு, சொந்த ஊரில் தனக்கு எது கிடைக்கவே கிடைக்காதோ அது எங்கே கிடைக்கும் என்று பார்த்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படிப் பார்க்கும்போது ஓவியருக்கு ஒரு விடையும், தகட்டிலும் கல்லிலும் உருவம் அமைத்து அச்செடுக்கும் பிரிண்ட்மேக்கிங் செய்பவருக்கு வேறொரு விடையும், மண்ணைச் சுட்டுச் செய்யும் செராமிக் கலைஞருக்கு முற்றிலும் எதிர்பாராத விடையும் வருகின்றன.

அதற்கு முன், பட்டத்தின் பயனையும் படிக்கும் இரண்டு ஆண்டுகளின் பயனையும் தனித்தனியே பார்த்துவிடுவது நல்லது. முதுநிலைப் பட்டம் இருந்தால்தான் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வேலை கல்லூரி ஆசிரியர் பணி ஒன்றுதான். 55 விழுக்காடு மதிப்பெண்ணோடு, இட ஒதுக்கீட்டுப் பிரிவினராக இருந்தால் 50 விழுக்காட்டோடு, முதுநிலை முடித்து, ஆண்டுக்கு இருமுறை நடக்கும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் காண்கலைப் பாடத்தில் தேறியவர் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நான்காண்டு இளநிலையில் 75 விழுக்காடு எடுத்தவர்கள் முதுநிலை இல்லாமலேயே ஆய்வுக்காகவும் ஜே.ஆர்.எஃப்.புக்காகவும் நெட் எழுதலாம் என்ற ஏற்பாடு 2024இல் வந்திருக்கிறது; ஆனால் உதவிப் பேராசிரியர் தகுதி அதில் அடங்காது. பள்ளி ஓவிய ஆசிரியர் பணிக்கு யாரும் எம்.எஃப்.ஏ. கேட்பதில்லை. விளம்பர நிறுவனத்திலும், திரைப்படக் கலை இயக்கத்திலும், அனிமேஷனிலும் செய்து காட்டிய வேலையைப் பார்ப்பார்களே தவிர மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதில்லை. அப்ளைடு ஆர்ட், அதாவது விளம்பரம் போன்றவற்றுக்கான பயன்பாட்டுக் கலை, படித்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் போகிறவர்கள் என்பதால், அவர்கள் நேரே வேலையில் சேர்வதோ, அகமதாபாதில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைப் போன்ற இடங்களின் எம்.டெஸ். என்ற முதுநிலை வடிவமைப்புப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்குத் தயாராவதோ மேல். அவர்களுக்கு இந்த ஒப்பீடு அதிகம் உதவாது.

இனி, ஊரில் எது கிடைக்காது என்ற கேள்வி. ஓவியத்தைக் கடலூர் முதுநகரில் ஒரு மாடி அறையிலும் வரையலாம். அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து படம் எடுக்கும் எட்சிங் அச்சு இயந்திரத்தையும், வரைந்து அச்செடுப்பதற்கான லித்தோக் கல்லையும், வெண்கலம் உருக்கும் உலையையும், 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும் சூளையையும் அந்த மாடி அறையில் வைக்க முடியாது. தனி ஒருவர் வாங்கவும் முடியாது. ஆகவே பிரிண்ட்மேக்கிங் செய்பவருக்கும் சிற்பிக்கும் முதுநிலை என்பது முதலாவதாகப் பட்டறையைப் பயன்படுத்தும் உரிமை. ஓவியரின் குறை வேறு. அவருக்கு அறை கிடைக்கும், பொருள் கிடைக்கும், பார்த்துப் பாராட்டும் உறவினரும் கிடைப்பார்கள். முன்னால் நின்று, ‘இதைப் போன மாதமே வரைந்துவிட்டாயே, திரும்ப ஏன்?’ என்று கேட்கும் பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள். அந்தப் பத்துப் பேரைத் தேடித்தான் அவர் வெளியூர் போகிறார். பழங்கலையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் நம் பகுதிக்காரருக்கு இல்லை. திருவதிகைக் கோயிலின் சிற்பங்கள் பண்ருட்டிப் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. பனமலைப் பல்லவர் ஓவியத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர்களின் வேலையை வேண்டிய நேரத்தில் போய்ப் பார்க்கலாம்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் பேசப்படும் இடம். அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய பள்ளி அது, 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார், 1957இல் கே.சி.எஸ். பணிக்கர் பொறுப்பேற்றார். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் உருவாக்கிய சோழமண்டல ஓவியர் கிராமம், நாம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் சென்னைக்குப் போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் கடந்து போகும் இடம்தான். எத்தனையோ முறை அவ்வழியே போன நுண்கலை மாணவர்கள் ஒருமுறைகூட இறங்கிப் பார்த்ததில்லை என்பது வருத்தமான செய்தி. இக்கல்லூரி இப்போது 2013இல் அமைந்த தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. ஓவியம், சிற்பம், செராமிக், டெக்ஸ்டைல், பிரிண்ட்மேக்கிங், காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்று துறைகள் உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணம், மூன்று நான்கு மணி நேரப் பயணம், தமிழில் பேசும் வகுப்பறை ஆகிய மூன்றும் சேர்ந்து பெற்றோருக்கு இதைப் பிடித்ததாக்குகின்றன. இதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் உண்டு. சென்னைக் காட்சிக்கூடங்களும், கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையமும், ஓவியர்களைத் தேடும் பத்திரிகைகளும் பதிப்பகங்களும் அதே ஊரில் இருப்பதால், படிக்கும்போதே பிற்காலத் தொழிலுக்கான ஆட்களைச் சந்திக்க முடிகிறது. தமிழகத்திலேயே வாழ்ந்து ஓவியராகப் பெயரெடுக்க நினைப்பவருக்கு இந்த உறவுகள் பட்டத்தைவிட அதிக நாள் உதவும்.

ஆனால் இளநிலையும் அங்கேயே படித்தவர் முதுநிலைக்கும் அங்கேயே இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இது சென்னைக்கு மட்டுமல்லாமல் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொருந்தும். நான்கு ஆண்டுகளில் ஆசிரியர்களுக்கு மாணவரின் கை எப்படிப் போகும் என்பது தெரிந்துவிடுகிறது, மாணவருக்கும் ஆசிரியர் எதைக் கண்டு தலையசைப்பார் என்பது தெரிந்துவிடுகிறது. அதன்பின் வரும் இரண்டு ஆண்டுகள் இளநிலையின் ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளாகவே கழியும். வீட்டுச் சூழலால் வெளியே போகவே முடியாது என்றால் அது வேறு. அப்படியில்லாமல் விண்ணப்பம் போடச் சோம்பல்பட்டு இருந்த இடத்திலேயே இருப்பவர்கள்தான் அதிகம்.

பரோடாவின், அதாவது குஜராத்தில் உள்ள இன்றைய வடோதராவின், மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலம் 1950இல் தொடங்கியது. இந்தியாவில் நுண்கலையைப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக அமைத்த முன்னோடிகளில் ஒன்று. என்.எஸ். பேந்த்ரே, சங்கோ சௌத்ரி, கே.ஜி. சுப்பிரமணியன், ஜோதி பட், குலாம் முகமது ஷேக், நஸ்ரீன் முகமதி என்று அங்கே கற்பித்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாலே இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி இந்தியக் கலை வரலாற்றில் பாதி வந்துவிடும். பெயர்களைவிட அந்தப் புலத்தின் அமைப்பே முக்கியம் என்று நினைக்கிறேன். ஓவியம், சிற்பம், கிராஃபிக்ஸ் என்ற பெயரில் பிரிண்ட்மேக்கிங், அப்ளைடு ஆர்ட் ஆகியவற்றோடு கலை வரலாறும் அருங்காட்சியகவியலும் ஒரே வளாகத்தில் தனித் துறைகளாக இருக்கின்றன. ஓவியம் வரைபவரும் அதைப் பற்றி எழுதப் போகிறவரும் ஒரே கேன்டீனில் தேநீர் குடிக்கிறார்கள். தன் படைப்பைத் தானே விளக்க முடியாமல் ‘மனதில் பட்டதை வரைந்தேன்’ என்று தப்பித்துக்கொள்ளும் பழக்கம் அங்கே செல்லுபடியாகாது. நம் பகுதி மாணவர்களிடம் கைத்திறன் குறைவதே இல்லை; பேச்சு வரும்போதுதான் பின்வாங்குகிறார்கள். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள விரும்பும் ஓவியருக்கு இந்தியாவில் பரோடாவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. படிப்பு முடித்தபின் ஊர் திரும்பாமல் அங்கேயே ஸ்டுடியோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கிவிடும் பழக்கம் வெளிமாநிலத்தவரிடம் பரவலாக இருப்பதால், வளாகத்துக்கு வெளியேயும் ஒரு கலைஞர் சமூகம் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து அகமதாபாத் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் பரோடா வழியாகத்தான் போகிறது என்பதால் பயணமும் அவ்வளவு கடினம் இல்லை.

பரோடாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். அது குஜராத் அரசின் பல்கலைக்கழகம். ஆகவே அம்மாநில மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில் நமக்குப் பங்கில்லை, எஞ்சிய இடங்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து வருகிறவர்களோடு போட்டியிட வேண்டும். கலைச் சந்தைக்கு அருகில் இருப்பதில் ஒரு கெடுதலும் உண்டு. காட்சிக்கூடங்கள் எதை வாங்குகின்றன என்பதை மாணவர்கள் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு இறுதிக் காட்சியை விற்பனைக் காட்சியாக நினைத்துத் தயாரிக்கிறவர்களும் உண்டு.

மேற்கு வங்கத்துச் சாந்திநிகேதனின் நுண்கலைப் பள்ளியான கலா பவனா இதற்கு நேர் எதிரான இடம். ரவீந்திரநாத் தாகூர் 1919இல் தொடங்கியது. நந்தலால் போஸும், பினோத்பிஹாரி முகர்ஜியும், ராம்கிங்கர் பைஜும் சேர்ந்து உருவாக்கியது. விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகத்தின் பகுதி. சாந்திநிகேதன் முழுவதுமே 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே படிப்பவருக்கு வளாகமே பாடப் புத்தகம். 1938இல் ராம்கிங்கர் சிமெண்டும் செம்புறைக்கல் சரளையும் கலந்து வார்த்த ‘சந்தால் குடும்பம்’ திறந்த வெளியில் நிற்கிறது, இந்தி பவனத்தின் மேல் சுவர்களில் பினோத்பிஹாரி பக்தி இயக்கத் துறவியரை வரைந்திருக்கிறார், கே.ஜி. சுப்பிரமணியன் கறுப்பு வெள்ளையில் தீட்டிய சுவரோவியம் ஒரு கட்டடத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறது. கேப்பர் மலையின் செம்மண்ணையும் ஆரோவில்லின் செம்மண் பள்ளங்களையும் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த நிலம் அன்னியமாகத் தெரியாது. வெளியில் வைப்பதற்கான சிற்பம், சுவரோவியம், மண், நார் போன்ற பொருட்களில் வேலை செய்ய நினைப்பவருக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும். சோம்நாத் ஹோர் வளர்த்தெடுத்த கிராஃபிக்ஸ் துறையின் காரணமாக பிரிண்ட்மேக்கிங் செய்பவருக்கும் பரோடாவுக்கு இணையான இடம் இது. மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கையால் செய்த பொருட்களை மாணவர் நலநிதிக்காக விற்கும் நந்தன் மேளா டிசம்பர் 1, 2 தேதிகளில் நடக்கிறது. விண்ணப்பிக்க நினைப்பவர் அந்த நாட்களில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது, பத்துப் பேரிடம் விசாரிப்பதைவிடப் பயன் தரும். புதுச்சேரியிலிருந்து ஹவுராவுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது. அங்கிருந்து, சாந்திநிகேதனுக்கு இறங்க வேண்டிய போல்பூர் மூன்று மணி நேரத்துக்குள்.

குறை என்று பார்த்தால், அங்கே காலம் மெதுவாக ஓடுகிறது. அது சிலருக்கு மருந்து, சிலருக்கு நோய். தானே தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரியாத மாணவர் சைக்கிளில் சுற்றியே ஒரு பருவத்தைக் கழித்துவிடலாம். வங்காளி பேசாமல் படித்துவிடலாம். ஆனால் அங்கு நடக்கும் நல்ல உரையாடல்கள் பாதிக்கு மேல் வங்காளியில் நடக்கின்றன. நூறாண்டு மரபின் கனமும் உண்டு. சுவரோவியம் வரைந்தால் பினோத்பிஹாரியோடும், சிமெண்டைத் தொட்டால் ராம்கிங்கரோடும் ஒப்பிடப்படுவதைத் தாங்கும் மனம் வேண்டும்.

பரோடாவையும் சாந்திநிகேதனையும் ஒன்றுக்கொன்று எதிரி முகாம்களாகப் பேசுவது கலை மாணவர்களிடையே ஒரு பொழுதுபோக்கு. கே.ஜி. சுப்பிரமணியனின் வாழ்க்கையே அந்தப் பேச்சுக்கு மறுப்பு. நம் ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்த மாஹேயில், அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தபோது வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்று, அரசுக் கல்லூரிகளில் படிக்க முடியாத நிலையில் 1944இல் கலா பவனாவுக்குப் போனார். பிறகு பரோடாவில் நெடுங்காலம் கற்பித்துவிட்டு 1980இல் சாந்திநிகேதனுக்குத் திரும்பினார். இரண்டு இடங்களிலும் அவருடைய சுவடு இருக்கிறது. மாணவரின் வேலைக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்தால் போதும், கட்சி கட்ட வேண்டியதில்லை.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப் பள்ளியில் ஓவியம், சிற்பம், பிரிண்ட்மேக்கிங் மூன்றிலும் எம்.எஃப்.ஏ. உண்டு. மாணவர் எண்ணிக்கை குறைவு, ஆசிரியரின் கவனம் அதிகம், பரந்த பல்கலைக்கழக வளாகம், விடுதிச் செலவு கட்டுக்குள் இருக்கும். பரோடாவும் சாந்திநிகேதனும் கிடைக்காதபோது மனம் வருந்தாமல் போகக்கூடிய இடம் இது. பிரிண்ட்மேக்கிங் செய்பவர் இதை முதலிடத்திலேயே எழுதினாலும் தவறில்லை.

இட ஒதுக்கீட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை, ஏனென்றால் கடலூர்க்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் நடுவே எல்லைக்கோடு குறுக்கிடுவது இதில்தான். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கடலூர் மாணவருக்குத் தன் பிரிவின் ஒதுக்கீடு கிடைக்கும்; பக்கத்திலேயே, புதுச்சேரிப் பகுதியில் இருக்கும் பாகூர் மாணவர் வெளிமாநிலத்தவராகப் பொதுப் பிரிவில் கணக்கிடப்படுவார். விஸ்வபாரதி, ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருவரும் சமம். ஆனால் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்ற மாநிலச் சான்றிதழ் அங்கே எடுபடாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ், குடும்ப வருமான வரம்புக் குறிப்போடு, தாசில்தார் அலுவலகத்தில் தனியாக வாங்க வேண்டும். கலந்தாய்வு நாளில் இது தெரியவந்து இடத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பணத்துக்கு வேறு வழியும் உண்டு: மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்குகிறது. அரசு விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு அந்தத் தொகை சாப்பாட்டுக்கும் வண்ணத்துக்கும் ஏறக்குறைய ஈடுகொடுக்கும்.

புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு மட்டும் உண்மையான தேர்வாக இருப்பது பிரான்ஸ். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு அது தொலைவான ஆசை. இங்கே 1889இலிருந்து பிரெஞ்சு மொழி கற்பிக்கும் அலையான்ஸ் பிரான்செஸ் இருக்கிறது, பிரெஞ்சு துணைத் தூதரகம் இருக்கிறது, பாரிஸில் பெரியம்மாவோ மாமாவோ இருக்கும் குடும்பங்கள் பல. பிரெஞ்சுப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் உள்ள பொதுக் கலைப் பள்ளிகளில் மூன்றாண்டு முடிவில் ஒரு பட்டயமும், ஐந்தாண்டு முடிவில் தே.என்.எஸ்.எ.பே. என்ற முதுநிலைத் தரப் பட்டயமும் தருகிறார்கள். இங்கே இளநிலை முடித்தவர், தேர்வுக் குழு ஒப்புக்கொண்டால் நேரே நான்காம் ஆண்டில் சேரலாம். பொதுப் பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் சில நூறு யூரோக்களில் முடிந்துவிடும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கேட்கப்படும் தொகையோடு ஒப்பிட்டால் இது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. வாழ்க்கைச் செலவு வேறு கணக்கு. மாணவர் விசாவுக்கு மாதம் 615 யூரோ, அதாவது ஆண்டுக்கு 7,380 யூரோ இருப்பதைக் காட்ட வேண்டும். பாரிஸில் அது போதாது, லிமோஜ், சேந்த் எத்தியேன் போன்ற சிறிய ஊர்களில் சிக்கனமாக இருந்தால் சமாளிக்கலாம். ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்ய மாணவர் விசா அனுமதிக்கிறது.

தடை மொழிதான். பெரும்பாலான பள்ளிகள் பி2 நிலைப் பிரெஞ்சை, அதாவது தடையின்றிப் பேசவும் எழுதவும் கூடிய அளவு மொழியறிவைக் கேட்கின்றன. அது வெறும் சடங்காகக் கேட்கப்படுவதில்லை. பட்டயத்துக்கு ஓர் ஆய்வேட்டைப் பிரெஞ்சில் எழுத வேண்டும், நடுவர் குழு முன் நின்று தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். அங்கே ஆசிரியர் கையைப் பிடித்து வரையக் கற்றுத் தர மாட்டார். ‘ஏன் இதைச் செய்தாய்?’ என்பதையே இரண்டு ஆண்டுகளும் கேட்பார். இங்கே நான்கு ஆண்டுகள் உருவப்படமும் இயற்கைக் காட்சியும் திறம்படச் செய்துவிட்டுப் போகிறவர் முதல் பருவத்தில் தடுமாறிப் போவதற்குக் காரணம் இதுதான். ஆகவே இளநிலை இரண்டாம் ஆண்டிலேயே மாலை வகுப்பில் பிரெஞ்சு தொடங்கியவருக்கும், லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வந்தவருக்கும் பிரான்ஸ் நல்ல தேர்வு. கடைசி ஆண்டு முடிந்தபின் திடீரென்று நினைத்துக்கொள்பவர் ஓராண்டை மொழிக்காக ஒதுக்கிவிட்டுப் போகட்டும். இந்தியக் கல்லூரியில் பின்னாளில் பாடம் நடத்த எண்ணம் இருந்தால், வெளிநாட்டுப் பட்டத்துக்கு இங்கே இணைத் தகுதிச் சான்று வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பிரிட்டனையும் அமெரிக்காவையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: முழு உதவித்தொகை கையில் வராமல், வீட்டை அடமானம் வைத்து அங்கே எம்.எஃப்.ஏ. படிப்பது கூடாது. அந்தக் கடனை அடைக்கும் வருமானம் இந்தப் படிப்பிலிருந்து வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

செராமிக் செய்பவருக்கு எதிர்பாராத விடை வரும் என்று மேலே சொன்னேன். அவர் எங்கும் போக வேண்டியதில்லை. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி, இந்திய ஸ்டுடியோ செராமிக்கில் இன்று பெயர் சொல்லும் பலரைப் பயிற்றுவித்த இடம். அங்கே பழகியவர்கள் ஆரோவில்லிலும் சுற்றியும் தங்கள் பட்டறைகளை வைத்திருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும், பொம்மையும் விளக்கும் செய்யும் கூடங்களும் இருக்கின்றன. மண்ணின் கலவை, மெருகுப் பூச்சு, சூளையின் வெப்பம் ஆகியவற்றை நாடெங்கிலுமிருந்து வந்து இங்கே கற்கும்போது, இங்கே பிறந்தவர் எம்.எஃப்.ஏ. இடத்துக்காக ஆயிரம் மைல் போவது பொருத்தமாக இல்லை. கல்லூரி வேலைதான் குறிக்கோள் என்றால் மட்டும் பட்டம் தேவைப்படும்; அப்போதும் ஓரிரு ஆண்டுகள் பட்டறையில் கழித்துவிட்டுப் போவது நல்லது.

பட்டம் வேண்டாம் என்று முடிவு செய்யும் ஓவியருக்கும் பிரிண்ட்மேக்கிங் செய்பவருக்கும் சென்னை லலித் கலா அகாடமி மண்டல மையத்தின் ஸ்டுடியோக்கள் ஒரு வழி. அச்சு இயந்திரம் அங்கே கிடைக்கும். ஆனால் ஒழுங்கான விமர்சனம் கிடைக்காது, சென்னையில் வாடகையும் கொடுக்க வேண்டும். தனியே வேலை செய்து பழகிய, முப்பதை நெருங்கும் ஒருவருக்கு இது பொருந்தலாம். இருபத்திரண்டு வயதுக்காரருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கலை வரலாறு படிக்க விரும்புபவர்கள் நம் பகுதியில் மிகச் சிலர். அவர்களுக்குத்தான் நம் பகுதி அதிகம் தரக்கூடியது என்பது விந்தை. 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பதிவு செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பரோடாவிலோ, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் கலை மற்றும் அழகியல் பள்ளியிலோ முதுநிலை படித்துக்கொண்டு, விடுமுறையில் வீட்டில் தங்கி இந்தக் காப்பகத்தில் ஆய்வுக்கான பொருளைத் தேடலாம். தமிழ்க் கல்வெட்டும் தேவாரமும் தெரிந்த கலை வரலாற்று மாணவர் டெல்லியில் அரிது. அந்த அறிவோடு போகிறவருக்கு மற்ற மாணவரைவிட ஒரு படி முன்னுரிமை தானாகவே கிடைக்கும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் இசைக்கும் நாட்டியத்துக்கும் உரியது என்பதையும், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பள்ளி நாடகத்துக்கு உரியது என்பதையும், பக்கத்தில் இருக்கிறதே என்று விசாரிக்கப் போகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

பெண் பிள்ளைகளை வட இந்தியாவுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர் இன்னும் அதிகம். அவர்களோடு வாதாடுவதைவிட, விடுதி வளாகத்துக்குள் இருக்கிறதா, ஸ்டுடியோ இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடப்படும் என்ற மூன்று கேள்விகளையும் அங்கே படிக்கும் மாணவியிடமே நேரடியாகக் கேட்டுச் சொல்வது பயன் தரும். கடைசி இரண்டு கேள்விகள் பெற்றோரைவிட மாணவிக்குத்தான் முக்கியம். ஸ்டுடியோ பத்து மணி வரை திறந்திருந்து விடுதி எட்டரைக்கே மூடினால், ஆண் மாணவருக்குக் கிடைக்கும் வேலை நேரத்தில் பெரும்பகுதி அவருக்குக் கிடைக்காது. இதை ஒப்பீட்டில் சேர்க்காத எந்தப் பட்டியலும் அரைகுறைப் பட்டியலே.

சேர்க்கைத் தேர்வுகளில் படைப்புத் தொகுப்பைப் பார்த்துத்தான் முக்கால்வாசி முடிவு எடுக்கப்படுகிறது. கல்லூரித் தேர்வுக்குச் செய்த நிர்வாணச் சித்திரங்களையும் ஜாடி, பழக்குவியலையும் வரிசையாக அடுக்கி அனுப்புவது நம் மாணவர்களின் வழக்கம்; திறமை இருக்கிறது என்பதை இரண்டு படங்களிலேயே அவர்கள் தெரிந்துகொள்வார்கள். எஞ்சிய இடத்தில், யாரும் சொல்லாமல் தானாகச் செய்த வேலை இருக்க வேண்டும். துறைமுகத்தில் வலை பின்னுபவர்களை ஒரே ஆண்டில் நாற்பது முறை வரைந்த நோட்டுப் புத்தகம், முழுமையாக முடித்த நான்கு கான்வாஸைவிடச் சாந்திநிகேதன் நேர்காணலில் அதிகம் பேச வைக்கும். பரோடாவில் அதே நோட்டுப் புத்தகத்தைக் காட்டினால் ஏன் வலை, ஏன் நாற்பது முறை என்று கேட்பார்கள். விடையை முன்பே யோசித்துவைத்துக்கொண்டு போக வேண்டும்.

முடிவுகள் ஒரே நாளில் வருவதில்லை என்பது கடைசிச் சிக்கல். சென்னையில் இடம் கிடைத்துக் கட்டணமும் கட்டியபின் சாந்திநிகேதனின் பட்டியலில் பெயர் வரலாம். சிற்பியாகவோ பிரிண்ட்மேக்கிங் செய்பவராகவோ இருந்தால், இளநிலையும் சென்னையில் படித்தவராகவோ இருந்தால், கட்டிய பணத்தை மறந்துவிட்டுப் போய்விட வேண்டும். அரியாங்குப்பத்திலோ கும்பகோணத்திலோ படித்துவிட்டு வந்த, தமிழகத்திலேயே வாழப் போகிற ஓவியருக்குச் சென்னை ஏற்கெனவே புதிய ஊர்தான். பரோடாவிலிருந்து அழைப்பு வந்தால் அவர் மாறலாம், மற்ற எதற்காகவும் மாற வேண்டியதில்லை.